சாப்பிட்டீகளா, சாப்பிட்டியளா

நடந்தவை, வரிசைப்படி:

1. சிவகாசிக்காரி என்பதற்காகவே இயக்குநர் என்னைத் தன் படத்துக்குத் தேர்ந்தெடுத்தார்.
2. கோயம்புத்தூர்க்காரரான வசனகர்த்தா, சிவகாசித் தமிழில் எனக்கு வசனம் எழுதித் தந்தார்.
3. என் பேச்சில் சிவகாசி போதவில்லை என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தார்கள்.
4. எனக்கு டப்பிங் பேசச் சென்னையில் ஒரு பெண்ணைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

நான் அச்சுத் தொழில்நுட்பம் படித்தவள். காலண்டர் அச்சகம் ஒன்றில் நிறம் சரிபார்ப்பது என் வேலை. நீலம் கொஞ்சம் தூக்கலாகிவிட்டால் முருகர் கிருஷ்ணராகிவிடுவார். அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்வேன். குறும்படங்களில் நடித்துக்கொண்டிருந்த எனக்கு இதுதான் முதல் பெரிய படம்.

கதை, பட்டாசு ஆலையில் வேலை செய்யும் அப்பாவையும் மகளையும் பற்றியது. உண்மையான ஆலைக்குள் அனுமதி கிடைக்காததால், எம். புதுப்பட்டிப் பக்கம் காலியாகக் கிடந்த கோழிப்பண்ணை ஒன்றைப் பட்டாசு ஆலையாக்கினார்கள். இயக்குநர் நல்ல மனிதர். ஆனால் அவருக்கு எதுவும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பட்டாசு மருந்துக் கறையாக என் கைகளில் பூசிய வெள்ளி நிறம் போதவில்லை என்று கன்னத்திலும் பூசச் சொன்னார். கண்ணாடியில் பார்த்தேன். கோயில் வாகனம் போலிருந்தேன்.

முதல் நாளே வசனகர்த்தா தாளோடு வந்தார்.

"சாப்பிட்டியளான்னு எழுதியிருக்கேனுங்க. நீங்க சாப்பிட்டீகளான்னு சொல்றீங்க."

"எங்க ஊர்ல அப்படித்தான் சார் சொல்லுவோம். நீங்க எழுதுனது திருநெல்வேலி."

"ரெண்டும் பக்கம் பக்கந்தானுங்களே?"

"கோயம்புத்தூரும் பாலக்காடும் பக்கம்தான் சார்."

அவர் சிரித்துவிட்டார். தாளை மட்டும் திருத்தவில்லை. நானும் என் பேச்சைத் திருத்தவில்லை.

படப்பிடிப்பு முடியும் தறுவாயில் இயக்குநர் என்னை உட்கார வைத்துப் பேசினார்.

"நல்லா நடிக்கிறீங்கம்மா. ஆனா அந்த ஊர் வாசனை வரலையே."

"நான் அந்த ஊர்தான் சார்."

"அதான் பிரச்சினை. நீங்க ரொம்ப சாதாரணமா பேசுறீங்க."

டப்பிங் செய்தி அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வெளியே நிதானமாகத் தலையாட்டினேன். உள்ளே அப்படி இல்லை. முகத்தை மேக்கப்காரர் செய்தார், நடையை இயக்குநர் சொன்னார், உடையை வேறு யாரோ தேர்ந்தெடுத்தார்கள். இந்தப் படத்தில் நானாகக் கொண்டுவந்தது பேச்சு ஒன்றுதான். வீட்டில் சொன்னேன். அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே, "ஒன் வாயில இன்னொருத்தி பேசுனா எனக்கு எதுக்குடி டிக்கெட்டு?" என்றார்.

இனி என் அப்பாவாக நடித்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தஞ்சாவூர் நாடகக்காரர். அவருக்கு ஒரு பழக்கம், எதிரில் யார் பேசுகிறார்களோ அவர்களைப் போலவே பேசத் தொடங்கிவிடுவார். இரண்டாம் நாளே என் பேச்சைப் பிடித்துக்கொண்டு கேரவன் டிரைவரிடம், "இங்கன வாங்க, டீ குடிச்சீகளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மதுரைக்காரரான டிரைவர், "சார் எந்த ஊரு?" என்று என்னிடம் ரகசியமாக விசாரித்தார். வசனகர்த்தா தன் ஊர்க்காரரான ஒளிப்பதிவாளரோடு பேசிக்கொண்டு நின்றால் போதும், இவர் நழுவி என் பக்கம் வந்துவிடுவார். கேட்டால், "அங்கன போனா அந்தத் தமிழ் ஒட்டிக்கிரும் பாப்பா" என்பார்.

அடுத்த படத்துக்காக ஐதராபாத் போகவேண்டியிருந்ததால், அவர் டப்பிங்கை எல்லோருக்கும் முன்னதாக முடித்துக்கொடுத்தார். சில நாள் கழித்து இயக்குநர் எனக்கு போன் செய்தார்.

"அப்பா முழுக்க 'வந்தீக, போனீக'ன்னே பேசி வச்சிட்டாரும்மா. இப்ப பொண்ணு 'வந்திய, போனிய'ன்னு பேசினா ஒரே வீடு மாதிரி இருக்காதே. அவரைத் திரும்பக் கூப்பிடவும் முடியாது."

"அம்மா திருநெல்வேலின்னு ஒரு சீன் வச்சிருங்க சார்."

அவர் உடனே மறுக்கவில்லை. உண்மையாகவே யோசித்தார். அந்த அமைதியில்தான் நான் பயந்தேன். பிறகு, "வேண்டாம், நீங்களே வந்து பேசிடுங்க" என்றார்.

அப்பாவாக நடித்தவரிடம் போனில் கேட்டேன், வேண்டுமென்றே செய்தீர்களா என்று. "நாக்கு பழகிருச்சு, நான் என்ன பண்ணட்டும்?" என்றார். அதைத் தெலுங்கு வாடையோடு சொன்னார்.

சென்னை போய்ப் பேசினேன். வசனகர்த்தா பக்கத்திலேயே இருந்து ஒவ்வொரு 'க'வுக்கும் லேசாகப் பெருமூச்சு விட்டார். ஒரே ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டேன். வெடிவிபத்துக் காட்சியில் "அப்பா!" என்று கத்த வேண்டும். நான் கத்தியது டீக்காரரைக் கூப்பிடுவது போலிருப்பதாக இயக்குநர் சொன்னார். மறுபடி மறுபடி கத்திப் பார்த்தேன். டீக்காரர்தான் வந்தார். இதில் இயக்குநர் சொன்னது சரி என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

படம் முடிந்துவிட்டது. வெளியீட்டுத் தேதி இன்னும் முடிவாகவில்லை. அந்த ஓர் "அப்பா!" சென்னைப் பெண்ணுடையது, மற்ற வசனமெல்லாம் என் குரல்.