மனுஷன் பிரிக்கக்கூடாது

பூசை லத்தீனில் நடந்தவரைக்கும் எங்கள் வீட்டில் வேதத்தை வைத்துச் சண்டை வந்ததே இல்லை. சாமியார் முதுகைக் காட்டிக்கொண்டு என்னவோ முணுமுணுப்பார். நாங்கள் முட்டி போட்டு ஜெபமாலை உருட்டுவோம், மணி அடித்தால் தலை குனிவோம், வீட்டுக்கு வந்து மீன் குழம்பு சாப்பிடுவோம். அறுபதுகளில் பூசை தமிழுக்கு வந்தது. வந்ததுதான் தாமதம், ராயபுரத்தில் ஆளாளுக்கு வக்கீலாகிவிட்டார்கள். அதில் பெரிய வக்கீல் எங்கள் நைனா.

நைனா துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர். வேதபுத்தகம் ஒன்றை வாங்கி, அம்மாவை நச்சரித்துத் துணி உறை தைக்கச் சொல்லி, ரேடியோ மேல் வைத்திருந்தார். எதற்கெடுத்தாலும் ஒரு வசனம். குழம்பில் உப்பு குறைந்தால் அதற்கும் உப்பைப் பற்றி ஒரு வசனம். ஆபீசில் நாள் முழுக்க டைப் அடித்துவிட்டு விரல் வலிக்க வீட்டுக்கு வந்தால், சோம்பேறியைப் பற்றி ஒரு வசனம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருமுறை துறைமுகத்தில் ஸ்டிரைக். எங்கள் தெருவில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் வீட்டுக்கே வந்து, வேலைக்காரன் எஜமானுக்கு அடங்கி நடக்கணும் என்று அப்போஸ்தலரே எழுதி வைத்திருக்கிறார் என்றார். நைனா விடுவாரா?

"இன்னா உபதேசியாரே, எகிப்து ராஜா பார்வோனுங்கூட எஜமான்தான? அவன்கிட்ட அடிமையா கெடந்த ஜனங்கள வெளிய இஸ்துகினு வந்தது யாரு? நம்ம யூனியன் லீடரா? ஆண்டவர்தான!"

வாசலில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். உபதேசியார் முகம் சுருங்கிப்போய்க் கிளம்பினார். எனக்கும் அன்றைக்கு நைனாவை நினைத்தால் பெருமையாக இருந்தது. அடிமைத்தனம் ஆண்டவருக்கே பிடிக்காது என்று எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் அக்கா எண்ணூரிலிருந்து பஸ் பிடித்துத் தனியாக வந்து இறங்கினாள். அவளை எண்ணூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். இடது கை வீங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. புருஷன் முறுக்கி ஒடித்துவிட்டானாம். முதல் தடவையும் இல்லையாம். இனி அங்கே போகமாட்டேன் என்றாள். நைனா அவளைக் கூட்டிக்கொண்டு போய் எலும்பு சேரப் புத்தூர் கட்டு போட்டுக் கூட்டிவந்தார். வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு ரேடியோ மேலிருந்த புத்தகத்தை எடுத்தார்.

"ஆண்டவர் சேத்து வெச்சத மனுஷன் பிரிக்கக்கூடாதும்மா. கட்டு பிரிச்சதும் நானே கூட்டினு போய் வுடறேன்."

"நைனா, அந்தாளு இவ கைய ஒட்ச்சிகீறான்!" என்று நான் கத்தினேன்.

"சும்மா கெட. இன்னா எழுதிகீதோ அத்தான் நா சொல்றேன்."

எப்படி இருக்கிறது பாருங்கள்! தனக்கென்றால், பார்வோனிடமிருந்து தப்பி வந்த ஜனங்களுக்குப் பிளந்த மாதிரி, செங்கடல் இரண்டாகப் பிளக்கும். மகளுக்கென்றால் ஒரு வசனம், அதுவும் முடிச்சுப் போட்ட வசனம். பார்வோன் எண்ணூரில் ஃபிட்டராக வேலை பார்த்தால் அவன் பார்வோன் இல்லையா? நான் இதைக் கேட்டே விட்டேன். கன்னத்தில் ஒன்று விழுந்ததுதான் மிச்சம். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

அக்காவோ அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, நைனா வேலைக்குப் போன பிறகு அந்தப் புத்தகத்தைப் படித்தாள். அவள் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்துக் கூட்டி, உதடு அசைய, மணிக்கணக்காகப் படித்தாள். எனக்கு அது இன்னும் எரிச்சல். உன் கையை ஒடித்ததற்கு இதில் மருந்து தேடுகிறாயா என்று கேட்டேன். அவள் வலது கையால் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, உபதேசியார் அக்கா புருஷனைக் கையோடு கூட்டிவந்தார். வெள்ளைச் சட்டை, எண்ணெய் தடவி வாரிய தலை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். ஒன்றுமே நடக்காதது மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தான். உபதேசியார் மன்னிப்பைப் பற்றி ஆரம்பித்தார். நைனா தலையை ஆட்டிக்கொண்டே இருந்துவிட்டு, முடிவில் தன் வசனத்தை எடுத்தார்.

"ஆண்டவர் சேத்தத மனுஷன் பிரிக்கக்கூடாது. துணிய எடுத்து வெய்ம்மா."

அக்கா எழுந்து நின்றாள்.

"நைனா, ஒன்னு கேக்கறேன். மனுஷன்னா யாரு?"

"இன்னா கேள்வி இது?"

"எங்க வூட்டு மனுஷன்னு நா யார சொல்லுவேன்? தோ, வாயப்பயத்தோட குந்திகினு கீதே, இத்தத்தான! பிரிக்கக்கூடாதுன்னு இந்த மனுஷனுக்குத்தான சொல்லிகீது? எனக்கு எங்க சொல்லிகீது?"

உபதேசியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்டி இல்லம்மா. மனுஷன்னா ஆம்பள பொம்பள எல்லாரும். எந்த மனுஷரும் பிரிக்கக்கூடாதுன்னு அர்த்தம்."

"சரி, எல்லாருமே. அப்ப இந்தாளும் அதுல உண்டுதான?" அக்கா கட்டுப் போட்ட கையை நைனாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இந்த எலும்ப ஆத்தா வயித்துல சேத்து வெச்சது ஆண்டவர்தான? இத்தப் பிரிச்சது யாரு நைனா?"

நைனா புத்தகத்தைப் பிரித்து அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிரிக்கக்கூடாது என்ற சொல் அங்கேயேதான் இருந்தது. எதைப் பிரிக்கக்கூடாது என்று அவர் இத்தனை நாள் யோசிக்கவே இல்லை போலிருக்கிறது. பிறகு மருமகனைப் பார்த்து, "நீ கெளம்பு. பயத்தையும் எட்த்துகினு போ," என்றார்.

அக்காவை அனுப்பவில்லை. திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். நைனா ஊரெல்லாம், "வேதம்தான் எம் பொண்ணக் காப்பாத்திச்சி," என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். கேட்கக் கேட்க எனக்கு மண்டை காய்ந்தது. அனுப்பச் சொன்னதும் அதே வேதம்தானே ஐயா! ஸ்டிரைக்கை நிறுத்தச் சொன்னதும் அது, நடத்தச் சொன்னதும் அது. ஒழுக்கமும் விடுதலையும் அதில் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டால், இருக்கிறது, பக்கத்திலேயே விலங்கும் இருக்கிறது என்பேன். எதை எடுப்பது என்று கைக்குத் தெரிய வேண்டும். அது புத்தகத்துக்குள் அச்சடித்து வருவதில்லை. இப்படிச் சொல்லித்தான் நான் கோயிலுக்குப் போவதையே குறைத்தேன். அக்கா மட்டும் ஒரு ஞாயிறு விடாமல் போனாள்.

ஒருநாள் தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது பொறுக்கமாட்டாமல் அவளிடமே கேட்டேன். "ஏங்க்கா, வலிக்குது, போமாட்டேன்னா போதாதா? அதுக்குப் போய் ஏன் வசனம் தேடின? மனுஷன், எலும்புன்னு இன்னாத்துக்கு அந்தப் பேஜாரு?"

அவள் நிறைந்த குடத்தைத் தூக்கி வலது இடுப்பில் வைத்துக்கொண்டாள். இடது கை அதற்குப் பிறகு முழுசாக நீளவே இல்லை.

"வந்த அன்னிக்கே நைனாவுக்குக் கையக் காட்னேன்டி. நல்லாத்தான் பார்த்துச்சி. பார்த்துட்டு, புஸ்தகத்த எடுக்கப் போச்சி."