கரி அணுவின் வட்டம்

என் வீட்டுச் சுவரில் ஒரு மரவட்டம் மாட்டியிருக்கிறது. மூன்று துண்டுகளை இரும்புத் தகடு வைத்து இணைத்த பறைச் சட்டம், தோல் இல்லை. போன வாரம் என் மகள், பள்ளிக்கு அணுவின் மாதிரி செய்ய அதைக் கேட்டாள். "ஏற்கெனவே ரெண்டு ஓட்ட இருக்கும்மா, நூல் கட்ட வசதியா இருக்கும்" என்றாள். முடியாது என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன்.

அந்த ஓட்டைகளைப் போட்டவள் என் அக்கா. ஜப்பானில் குண்டு போட்ட மறு வருஷம், திண்டிவனத்துப் பள்ளியில் அவள் மூன்றாம் பாரம், இப்போதைய எட்டாம் வகுப்பு. அதற்குமேல் அங்கே வகுப்பு இல்லை. ஊரெல்லாம் அணு அணு என்று பேச்சு. அணு மாதிரியை நன்றாகச் செய்கிற பெண்ணைப் பற்றிப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் அம்மாளிடம் சொல்லி, விழுப்புரத்தில் ஹாஸ்டலோடு படிக்க வைப்பதாகச் சயன்ஸ் வாத்தியார் சொன்னார். கரியும் வைரமும் ஒரே அணுதான், பொருளில் உசத்தி தாழ்த்தி கிடையாது என்று பாடம் நடத்தியவரும் அவர்தான். அக்கா அதை வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பிப்பாள். பைத்தியக்காரி, நம்பிவிட்டாள்.

அப்பா சாவுக்குப் பறை அடிப்பவர். தோல் கிழிந்த சட்டம் ஒன்று கூரையில் செருகிக் கிடந்தது. அதைவிட நல்ல வட்டம் எங்கள் வீட்டில் வேறெது இருந்தது? கரி அணுவைச் செய்ய அக்கா ஆணியைப் பழுக்கக் காய்ச்சி எதிரெதிரே ஓட்டை போட்டாள். களிமண் உருண்டைகளுக்குச் செம்மண்ணும் சுண்ணாம்பும் பூசி, ஒன்றாக ஒட்டி, அணுவின் கருவாக நடுவில் நூலில் தொங்கவிட்டாள். உள்ளே மூங்கில் சிம்பில் ஒரு சின்ன வட்டம். இரண்டு வட்டத்திலும் எலெக்ட்ரான்களுக்குக் குன்றிமணிகள். ஊதினால் நடுவிலிருந்தது மெல்லச் சுழலும்.

வாத்தியார் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். "ஜோரா பண்ணியிருக்கியே" என்று மேஜைமேல், சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தார். அப்புறம்தான் தகடுகள் அவர் கண்ணில் பட்டன.

"இது இன்னா சட்டம்?"

"எங்கப்பா பறைச் சட்டம் சார்."

மறைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. அவர் திட்டவில்லை. பானையில் தண்ணீர் மொண்டு கையைக் கழுவினார், மெதுவாக, விரல் விரலாக. "சாவுக்கு அடிக்கிறத சாமி படத்தாண்ட வெக்க வெச்சிட்டியே. எடுத்துக்கினு போ" என்றார். மறுநாள் இன்ஸ்பெக்டர் அம்மாள் பார்த்தது வேறொருத்தி செய்தது. அக்கா வேர்க்கடலைக் கொல்லைக்கு மல்லாட்டை பிடுங்கப் போனாள். விழுப்புரத்துக்கு அவள் கடைசிவரை போகவே இல்லை. அந்த வாத்தியாரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அப்பா அந்தச் சட்டத்துக்குப் புதுத் தோல் கட்டினார். "ஓட்ட போட்டுட்டியேம்மா, சத்தம் ஒழுவுது" என்றார்.

சில வருஷத்தில் வாத்தியார் இறந்தார். அப்பாவைக் கூப்பிட ஆள் வந்தது. பாடைக்கு முன்னால் அந்தப் பறைதான் போனது. நானும் அக்காவும் கொல்லை வரப்பில் களைக்கொத்தோடு நின்று பார்த்தோம்.

"இப்ப கையக் கழுவ மாட்டாரு" என்றாள் அக்கா.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, குனிந்து களை வெட்டத் தொடங்கினாள்.

மகளுக்குக் கடையில் கம்பி வளையம் வாங்கிக் கொடுத்தேன். அந்த வட்டத்தை இன்னொரு வாத்தியார் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.