பீட்டர் மாமாவும் நான் சொல்லாத பெயரும்

“பீட்டர் யாருடைய யோசனை?” என்று வெளிநாட்டிலிருந்து வந்த அம்மையார் கேட்டபோது, டெல்சியின் பெயரை நான் ஏன் சொல்லவில்லை? நான்கு மாதமாகிறது. பஸ்ஸுக்கு நிற்கும்போதும் மகளுக்குத் தலை இழுத்துப் பின்னும்போதும் இதையே யோசிக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் தங்கள் வேலையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். எனக்கு ஏழு வருட அனுபவம்தான். எழுதுவதற்குத் தகுதி இருக்கிறதா என்று இரண்டு தரம் யோசித்தேன். ஆனால் கம்பியூட்டர் வேலைக்கு வரப்போகும் பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், இதைத் தெரிந்துகொண்டால் நல்லது என்று பட்டது. புரோகிராம் எழுதக் கற்றுத் தருகிறார்கள். எழுதியதை எடுத்துச் சொல்ல எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. நான் அதைக் கற்றது டெல்சியிடம், பாதி ஒபிஸிலும் பாதி ஒரு செக்பொயின்றிலும்.

1. பெயரில்லாத மெயில்கள்

எங்கள் கம்பனி கொள்ளுப்பிட்டியில் இருக்கிறது. வெளிநாட்டு மருத்துவ நிலையங்களுக்கு மென்பொருள் செய்கிறோம். அதில் நோயாளிகளுக்குத் திகதி கொடுக்கும் பகுதி, நாங்கள் மொடியூல் என்போம், என்னுடையது. ஒரு டொக்டர் திடீரென்று லீவு எடுத்தால், அன்று அவரிடம் வரவேண்டிய எல்லோருக்கும் அது தானாகவே வேறு திகதி பார்த்துக் கொடுக்கும். ஐந்து வருடம் அதையே எழுதினேன், திருத்தினேன், திரும்ப எழுதினேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் மனேஜர் பிரசன்ன என்னைக் கூப்பிட்டார். அவர் சிங்களவர், எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான். தமிழில் எழுதினால் இப்படி வரும்:

“சிவகாமி, ரீமைப் பிரிக்கிறோம். ரீமை நடத்தும் லீட் ஒருவர் பகலில் இருப்பார். மற்ற எல்லோரும் பின்னேரம் இரண்டு மணி தொடக்கம் இரவு பத்து வரை, கிளையண்டின் நேரத்துக்கு.”

எனக்கு மூன்று வயதில் ஒரு மகள். வெள்ளவத்தையில் அவளைப் பார்த்துக்கொள்ளும் இடம் ஆறு மணிக்குப் பூட்டும். கணவர் வேலை முடிந்து தெஹிவளையிலிருந்து வர ஏழு, வழியில் மறித்துச் சோதித்தால் எட்டு. இரவு பத்துக்கு மேல் காலி வீதியில் நான் தனியாக வருவதை வீட்டில் யாரும் நினைத்துப் பார்க்கவும் மாட்டார்கள். லீட் ஆகாவிட்டால் வேலையை விட வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

“லீட்டுக்கு நீரும் ருவனும் இருக்கிறீர்கள்,” என்றார் பிரசன்ன. “கிளையண்டிலிருந்து ஒரு அம்மையார் வருகிறார். இருவரும் இருபது நிமிடம் பேச வேண்டும். தெரிவு அவருடையது.”

ருவன் வந்து இரண்டு வருடம். நன்றாகப் பேசுவான், நல்ல பிள்ளை. ஆனால் மொடியூல் என்னுடையது. அதை நான் சொல்லவில்லை. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

“யார் எழுதியது என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. ஐந்து வருடமாக உமது மெயில் எல்லாம் ‘சப்போர்ட்’ என்ற பொது முகவரியிலிருந்துதான் போயிருக்கிறது. ஏன்?”

“பழக்கம்,” என்றேன்.

2. கேட்டதுக்கு மட்டும் பதில்

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தமிழ் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. படிக்கக் கொழும்புக்கு வந்தபோது அப்பா இரண்டே விஷயம் சொல்லி அனுப்பினார். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். இன்னொருவரின் பெயர் வாயில் வரக்கூடாது. இரண்டாவதன் அர்த்தம் எனக்குச் சீக்கிரமே விளங்கியது. எங்கள் லேனில் சோதனைக்கு வந்த பொலிஸார் ஒரு பெடியனிடம் “யாரோடு இருக்கிறாய்?” என்று கேட்டார்கள். அவன் அறையில் கூட இருந்தவனின் பெயரைச் சொன்னான். அவனையும் கொண்டுபோய் இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். அவன் கெட்டது நினைத்துச் சொல்லவில்லை. ஒரு பெயர் வெளியே வந்தது, அவ்வளவுதான்.

இந்தப் பழக்கத்தோடுதான் நான் வேலைக்கு வந்தேன். மீட்டிங்கில் கேட்டால் “முடிந்தது” என்பேன். என்ன முடிந்தது, எப்படி முடிந்தது என்று சொல்லமாட்டேன். எழுதிய புரோகிராமில் பெயர் போடமாட்டேன். இதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

3. டெல்சி

டெல்சி எங்கள் டெஸ்டர். நாங்கள் எழுதுவதில் பிழை கண்டுபிடிப்பது அவள் வேலை. கொட்டாஞ்சேனைப் பிள்ளை, என்னைவிட நாலு வயது குறைவு. அப்பா துறைமுகத்தில். பட்டம் இல்லை; உயர்தரம் முடித்து ஒரு டிப்ளோமா செய்தவள். அதனால் வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறாள்.

மற்ற டெஸ்டர்கள் பிழை அறிக்கையில் “நோயாளி 4471 பட்டியலில் இல்லை” என்று எழுதுவார்கள். டெல்சி எழுதியது இது: “பீட்டர் மாமா, அறுபத்திரண்டு வயது, வீல்செயார். மகள் லீவு எடுத்துத்தான் கூட்டிவருவா. இரண்டு டொக்டர்மார் ஒரே நாளில் லீவு. பீட்டர் மாமாவுக்குப் புதுத் திகதியும் இல்லை, பழைய திகதியும் இல்லை. அவர் இப்போது எங்கே?” அடியில் தன் முழுப் பெயர்.

அப்படி ஒரு ஆள் உலகத்தில் இல்லை. அவள் பரிசோதனைக்காக உண்டாக்கியவர். ஆனால் அந்தப் பிழையைத் திருத்தாமல் என்னால் வீட்டுக்குப் போக முடியவில்லை. மூன்று நாள் தேடினேன். வந்து வந்து கேட்பாள், “என்னக்கா, பீட்டர் மாமா இன்னமும் கொரிடோர்லதானா?” எண்ணாக எழுதியிருந்தால் அது அடுத்த மாதம்வரை கிடந்திருக்கும்.

அவளிடம் இப்படி இருபது முப்பது பேர் இருந்தார்கள். பெயரை இரண்டு விதமாக எழுதும் ஒரு ஆச்சி, இரட்டைக் குழந்தைகள், திகதியை மறந்து முதல் நாளே வந்து நிற்கும் வாத்தியார். எல்லோருக்கும் ஒரு வீடும் ஒரு கவலையும் இருந்தன. நான் பார்த்தவர்களில், வேலையை இவ்வளவு தெளிவாக இன்னொருவர் மனதில் வைக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இதை நான் அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

4. நுகேகொடையிலிருந்து வரும்போது

ஒரு மருத்துவ நிலையத்தில் நோயாளிகளுக்கு எப்படி நம்பர் கொடுக்கிறார்கள் என்று பார்க்க, நானும் டெல்சியும் நுகேகொடைக்குப் போனோம். மத்தியானம் திரும்பி வரும்போது எங்கள் ஓட்டோவை மறித்தார்கள். அடையாள அட்டை, இரண்டு பேரின் ஐ.சி.யையும் வாங்கிப் பார்த்த பொலிஸ்காரர் என்னிடம், “மொகத்த ரஸ்ஸாவ?” என்றார். என்ன வேலை என்று கேட்கிறார்.

“கம்பியூட்டர்,” என்றேன்.

“கம்பியூட்டரில் என்ன?”

“புரோகிராம்.”

“என்ன புரோகிராம்? யாருக்கு?”

“வெளிநாட்டுக்கு.”

அவர் ஐ.சி.யை மறுபடி திருப்பிப் பார்த்தார். நான் குறைக்கக் குறைக்க அவருக்குக் கேள்வி கூடியது. டெல்சி என்னைத் தாண்டி முன்னால் சாய்ந்து, நல்ல சிங்களத்தில் பேசினாள்.

“சேர், நீங்க க்ளினிக்குக்குப் போறீங்கன்னு வைங்க. டொக்டர் அன்னைக்கு வரல்ல. நீங்க காலையில இருந்து உக்காந்து இருக்கீங்க. இந்த அக்கா செய்ற கம்பியூட்டர் இருந்தா, மொத நாளே ஒங்களுக்கு வேற நாள் சொல்லிரும். வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு இதச் செய்றாங்க. நான் இவங்க விட்ட பிழைய தேடுறவ.”

அவர் என்னைப் பார்த்தார். “நிறைய பிழை விடுவாவா?”

“விடாட்டி என் வேலை போயிரும் சேர்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் அம்மா மாதாமாதம் க்ளினிக்குக்கு விடியப் போய்க் காத்திருக்கிறார் என்று சொல்லி, இந்தக் கம்பியூட்டர் இங்கே எப்போது வரும் என்று கேட்டார். மனேஜரிடம் சொல்வதாக டெல்சி சொன்னாள். ஐ.சி. இரண்டும் கைக்கு வந்தன.

எல்லா இடத்திலும் இப்படி முடிவதில்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் ஓட்டோ கிளம்பியபோது எனக்கு வெட்கமாக இருந்தது. என் ஐந்து வருட வேலையை நாலு வசனத்தில் அவள் சொல்லிவிட்டாள். பிரசன்னவிடம் நான் சொன்னதும் ஒரு சொல், பொலிஸ்காரரிடம் சொன்னதும் ஒரு சொல்.

“அக்கா,” என்றாள், “கொஞ்சமா சொன்னா மறைக்கிறீங்கன்னு நெனப்பாங்க. வெள்ளக்காரிக்கிட்டயும் இதே மாதிரி இருக்கப் போறீங்களா?”

அதன்பிறகு இரண்டு வாரம், சாப்பாட்டு நேரத்தில் கன்டீனில் இருத்தி என்னைப் பேச வைத்தாள். அங்கே சோறு போடும் அம்மாவுக்கு என் மொடியூலைச் சிங்களத்தில் விளக்க வேண்டும். அவர் திருப்பிச் சொன்னால்தான் நான் பாஸ். முதல் மூன்று நாள் ஃபெயில். வீட்டில் மகளுக்குச் சோறு தீத்தும்போதும் சொல்லிப் பார்த்தேன். “பீட்டர் மாமா பாவம்,” என்று அவள் வாயை மூடிக்கொண்டாள்.

5. இருபது நிமிடம்

அந்த நாளுக்கு நான் ஒரு பெரிய வரைபடம் செய்திருந்தேன். பெட்டிகளும் அம்புகளும். டெல்சி வேண்டாம் என்றாள், நான் கேட்கவில்லை. படித்தவள் மாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

இரண்டாவது ஸ்லைடில் அம்மையார் மணிக்கூட்டைப் பார்த்தார். என் குரல் இறங்கிக்கொண்டே போனது எனக்கே கேட்டது. பின்னால் இருந்த பிரசன்ன கையால் “சத்தமாக” என்று காட்டினார். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு ப்ரொஜெக்டரை நிறுத்தினேன்.

“பீட்டருக்கு அறுபத்திரண்டு வயது,” என்று தொடங்கினேன்.

வீல்செயாரைச் சொன்னேன், மகளின் லீவைச் சொன்னேன். இரண்டு டொக்டர்மார் ஒரே நாளில் வராதபோது பீட்டர் எப்படிப் பட்டியலிலிருந்து விழுந்தார், மூன்று நாள் எங்கே தேடினேன், எந்த வரியில் அவர் அகப்பட்டார் என்று சொன்னேன். அம்மையார் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். தங்கள் இடத்தில் இப்படி விழுந்தவர்கள் உண்மையாகவே இருந்தார்கள் என்றார். பிறகுதான் அந்தக் கேள்வி: “பீட்டர் யாருடைய யோசனை?”

“நாங்கள் இங்கே இப்படித்தான் வேலை செய்கிறோம்,” என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். என் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு எழுத்தாக, என் முழுப் பெயரையும் சொன்னேன். அதுவரை நான் என் பெயரை அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை பிரசன்ன கூப்பிட்டு, லீட் நான்தான் என்றார். ருவன் வந்து கை கொடுத்தான். டெல்சி எனக்கு முன்னமே அழுதுவிட்டாள்.

6. இப்போது

போன மாதம் கிளையண்டிடமிருந்து ஒரு மெயில் வந்தது. அவர்களுடைய எல்லாக் கிளைகளிலும் இனிமேல் இப்படிப் பெயரும் கதையும் வைத்துத்தான் பரிசோதிக்கப் போகிறார்களாம். அதற்கு அவர்களே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள்: “சிவகாமியின் நோயாளிகள்.” தங்கள் ஆட்களுக்கு நான் அதைப் பற்றித் தொலைபேசியில் ஒரு மணித்தியாலம் பேச வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். பிரசன்ன அந்த மெயிலை ஒபிஸ் முழுவதற்கும் அனுப்பினார்.

டெல்சி என் மேசைக்கு வந்தாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

“என்னக்கா, என் பேரச் சொல்லியிருந்தா வந்து புடிச்சிட்டா போயிருப்பாங்க?”

நான் என்னவோ சொன்னேன், நினைவில்லை. “பரவால்லக்கா, பகிடிக்குக் கேட்டேன்,” என்றுவிட்டுப் போனாள். ஆனால் அன்று மத்தியானம் கன்டீனுக்கு வரவில்லை. பார்சலைத் தன் மேசையில் வைத்தே சாப்பிட்டாள்.

அப்பா சொன்ன பழக்கம் அப்படி வாயை மூடியதா? அல்லது அந்த இருபது நிமிடத்தில் எனக்குக் கிடைத்த பார்வையைப் பிரித்துக் கொடுக்க மனம் வரவில்லையா? பழக்கம்தான் என்றால், என் பெயரை மட்டும் எப்படி அவ்வளவு நன்றாகச் சொன்னேன்?

பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். உங்கள் வேலையைச் சோறு போடும் அம்மாவுக்கு விளங்கும்படி சொல்லப் பழகுங்கள். செய்ததற்குக் கீழே பெயரைப் போடுங்கள். கூடச் செய்தவரின் பெயரையும் அன்றைக்கே, அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். பிந்தினால் அதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று நான் இப்போது பார்க்கிறேன்.

மூன்று வரியில் ஒரு மெயில் எழுதி வைத்திருக்கிறேன். பீட்டரும் மற்ற எல்லோரும் டெல்சியுடையவர்கள், பேச வேண்டியது அவள் என்று அதில் இருக்கிறது. இன்னும் அனுப்பவில்லை. “இப்ப அனுப்பினால் உம்மில உள்ள நம்பிக்கையும் போகும். பகல் வேலையும் போனால் பிள்ளையை ஆர் பார்க்கிறது?” என்கிறார் கணவர். அவர் சொல்வதில் பிழை இல்லை. டெல்சியின் ஒப்பந்தம் வருட முடிவில் முடிகிறது. அதைப் புதுப்பிக்கிறவர்களுக்கு அவள் யார் என்று தெரியாது. அதுவும் உண்மை. அவளைக் கேட்காமல் அவள் பெயரை எழுதுவது சரியா என்றும் தெரியவில்லை. கேட்டால் “வேணாக்கா” என்பாள். அதைச் சாட்டாக வைத்து நான் விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

நான் பேச வேண்டிய நாளுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்கள், போனவர்கள், யாராவது எனக்குச் சொல்லுங்கள். மெயிலை அனுப்பலாமா? அனுப்பினால் முதலில் மனேஜருக்கா, கிளையண்டுக்கா, டெல்சிக்கா? இந்தப் பக்கத்துக்கு எழுதினால் எனக்குக் கிடைக்கும். கடிதத்தின் அடியில் உங்கள் பெயரைப் போடுங்கள். போட விருப்பமில்லை என்றால், அதுவும் எனக்கு விளங்கும்.