பந்தியில் நான் தாண்டிப்போன கை

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஆடி மாதம். அப்போது நான் கனடாவில், வோபர்னில் இருந்து பிறம்ரனுக்குப் போய், ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி அடுக்கும் வேலை செய்துகொண்டிருந்தேன். அங்கே ஒரு வெள்ளைக்காரர் புதிதாகச் சேர்ந்தார். மொட்டைத் தலை. கழுத்தில் வெள்ளை இனவெறிக் கூட்டமொன்றின் அடையாளத்தைப் பச்சை குத்தியிருந்தார். எனக்கு அவரைக் கண்ணில் காட்டக் கூடாது.

எங்கள் கோயிலின் ஞாயிற்றுக்கிழமைத் தேருக்கு நான் லீவு கேட்டது அவர் காதில் விழுந்துவிட்டது. கிட்ட வந்து, தேருக்குப் பிள்ளைகளும் போவார்களா என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். இவருக்கு ஏன் எங்கள் பிள்ளைகளின் கதை என்று பயந்துபோனேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தேன். ஆனாலும் பயந்து வீட்டில் இருக்கவில்லை, எல்லோரும் போனோம். என் மகள் வடம் பிடித்தாள். ஒரு குறையுமில்லாமல் தேர் வீதி சுற்றி இருப்புக்கு வந்தது.

மறுநாள் வேலைக்கு மோதகம் கொண்டுபோனேன். மதியச் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்களுக்கு ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு வந்தபோது அவரும் கையை நீட்டினார். நான் அவரைத் தாண்டி அடுத்தவருக்கு வைத்தேன்.

"என்னப்பா, உவருக்கு இல்லையோ? பந்தியில வஞ்சகம் செய்யக்கூடாது" என்றாள் பக்கத்திலிருந்த சிநேகிதி.

"உவருக்குக் குடுக்கிறதை நாய்க்குப் போடுவன்" என்றேன்.

அவருக்குத் தமிழ் விளங்காது. ஆனால் மெல்ல விரல்களை மடக்கிக் கையை மடியில் வைத்துக்கொண்டார். கோபப்படவில்லை. பிள்ளைகள் சந்தோஷமாகத் தேர் பார்த்தார்களா என்று மட்டும் கேட்டார். நான் மோதகப் பெட்டியை மூடிக்கொண்டு அப்பால் போனேன். அடுத்த கிழமையிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை. பீடை ஒழிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் ஒரு பின்னேரம், சமைத்துக்கொண்டே செய்தி பார்த்தேன். நீதிமன்ற வாசலில் அதே கழுத்து. அந்தக் கூட்டம் போன வருடம் எங்கள் தேரன்று சனத்துக்குள் லொறியை ஏற்றத் திட்டம் போட்டிருந்ததாம். தேருக்கு முந்தின நாளே பொலிஸ் வெளியில் தெரியாமல் அவர்களைப் பிடித்துவிட்டதாம். இளவயதில் அந்தக் கூட்டத்தில் சேர்ந்து, பிறகு மனம் மாறி, உள்ளேயே இருந்துகொண்டு எல்லாவற்றையும் பொலிசுக்குச் சொன்னவர் இவர்தான். தெரிந்திருந்தால் அவர்கள் அவரைக் கொன்றிருப்பார்கள். அடுப்பை நிறுத்திவிட்டு அழுதேன்.

வேலையிடத்தில் விசாரித்துப் பார்த்தேன். அவர் எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பெயரையும் ஊரையும் மாற்றிக்கொண்டிருப்பார் என்றாள் சிநேகிதி.

இந்த வருடமும் என் மகள் வடம் பிடித்தாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் மடங்கிப்போன அந்த விரல்கள்தான் கண்ணுக்குள் நிற்கின்றன. என் பிள்ளையை எனக்குத் தந்த மனிதருக்கு ஒரு மோதகம் வைக்க எனக்கு மனம் வரவில்லையே.