ஆர்வல் ப்ரூயிட் சொன்ன ‘போடலாம்’

அமெரிக்காவில், மிசூரி மாநிலத்தின் தென்பகுதியில், சோளமும் மாடும் தவிர வேறு பேச்சில்லாத ஊர் அது. அங்கே கைத்துப்பாக்கியைப் பற்றி யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் தீவன ஆலைக்குப் போய் ஆர்வல் ப்ரூயிட்டைத்தான் கேட்பார்கள். முப்பது வருடமாகத் தன் தோட்டாக்களுக்குத் தானே வெடிமருந்து நிறுத்து நிரப்பிக்கொள்கிற மனிதர். அவர் கூடாது என்றால் கூடாதுதான்.

நவம்பரில் துப்பாக்கி கிளப்பில் ஒரு போட்டி நடக்கும். மேசைமேல், பந்தை உருட்டித் தள்ளி விளையாடும் பௌலிங் கட்டைகள் ஐந்தை நிறுத்தி வைப்பார்கள். சுட்டு அவற்றைத் தரையில் தள்ளவேண்டும். சாய்ந்து மேசையிலேயே படுத்துக்கொண்ட கட்டைக்கு மதிப்பில்லை. சீக்கிரம் தள்ளியவருக்குப் புகைபோட்ட முழுப் பன்றித்தொடை பரிசு. ஒன்பது வருடம், அந்த மாதக் கடைசியில் வரும் நன்றித் திருநாள் விருந்தில் அந்தத் தொடையை அறுக்கும் கத்தி ஆர்வல் கையில்தான் இருந்தது.

பிறகு மனைவியின் தம்பி ராஸ்கோ, செயின்ட் லூயிஸில் போலீஸ் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே வந்து சேர்ந்தான். வந்த வருடமே ஜெயித்தான், மறு வருடமும் ஜெயித்தான். அவன் வாயைத் திறந்தால் கிளப்பே சுற்றி உட்கார்ந்து சிரிக்கும். மனைவி நெல்டாவுக்கோ பேச்சுக்குப் பேச்சு தம்பிதான். ஆர்வலுக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்கவும் அவருக்குத் தெரியாது.

அதுகூடப் பரவாயில்லை. மாமனாரைப் பதினோரு வருடம் குளிப்பாட்டி, முகம் மழித்து, மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டது ஆர்வல். போன வசந்தத்தில் கண்ணை மூடுவதற்கு முன், கிழவர் தன் சின்ன ரிவால்வரை எழுதி வைத்தது மகனுக்கு. ஊரோடு வந்து சேரும்வரை கிறிஸ்துமஸுக்கு மட்டும் வந்துபோன மகனுக்கு.

போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது, செவ்வாய்க்கிழமை, ராஸ்கோ அந்த ரிவால்வரோடும் ஒரு தோட்டாப் பெட்டியோடும் ஆலைக்கு வந்தான்.

“மாமா, இந்தத் தடவை அப்பா துப்பாக்கியிலதான் சுடப்போறேன். ஆனா சாதாத் தோட்டா போட்டா கட்டை சும்மா சாயுதே தவிர விழமாட்டேங்குது. இது அழுத்தம் கூடுன தோட்டாவாம், கடைக்காரன் குடுத்தான். இதுல போடலாமா?”

ஆர்வல் ரிவால்வரை வாங்கிப் பார்த்தார். ஐம்பதுகளில் செய்தது. எடை குறைவதற்காக உடலை அலுமினியத்தில் வார்த்திருந்தார்கள். கூடுதல் அழுத்தம் தாங்கும் என்ற முத்திரை குழலில் இல்லை. ஒரு பெட்டி சுட்டும் ஒன்றும் ஆகாமல் போகலாம். குழல் பொருந்தும் இடத்துக்குக் கீழே விரிசல் விடலாம். நேரம் கெட்டால் கைக்கே ஆபத்து. இதே கேள்வியைக் கேட்ட எத்தனையோ பேரை ‘மூளை இருக்கா உனக்கு’ என்று விரட்டியிருக்கிறார்.

“அப்பா இருந்து பாத்தா பூரிச்சுப் போயிருப்பாருன்னு அக்கா ஒரே அழுகை மாமா,” என்றான் ராஸ்கோ.

“போடலாம் மாப்ள,” என்றார் ஆர்வல். “தாராளமா போடு.”

அவன் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனான். அன்று சாயங்காலம்வரை ஆர்வலுக்கு ஒரு குஷி. உடையட்டும் அந்தத் துப்பாக்கி, எனக்கில்லாதது அவனுக்கும் வேண்டாம். புதன்கிழமை, துப்பாக்கிக்குத்தான் சேதம், கைக்கு ஒன்றும் ஆகாது என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார். வியாழக்கிழமை சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை இரண்டு தடவை தொலைபேசியை எடுத்தார், இரண்டு தடவையும் வைத்துவிட்டார். என்னவென்று சொல்வது?

சனிக்கிழமை கிளப்பில் நல்ல கூட்டம். ராஸ்கோ காதுமூடியை மாட்டிக்கொண்டு சுடும் கோட்டில் வந்து நின்றான். தோட்டாக்களை ஒவ்வொன்றாகச் செருகினான். நெல்டா கைக்குட்டையோடு முன்வரிசையில் இருந்தாள். அவன் கையைத் தூக்கியபோது ஆர்வல் ஓடினார்.

“நிறுத்து! சுடாத!”

நடுவர் கையை உயர்த்தினார். ராஸ்கோ துப்பாக்கியைத் தரைப்பக்கம் தாழ்த்தினான்.

“என்ன மாமா?”

“அந்தத் தோட்டா அதுக்கு ஆகாது. உடைஞ்சிரும்.”

“நீங்கதான போடலாம்னீங்க?”

“பொய் சொன்னேன்.”

“மறந்து சொல்லியிருப்பீங்க, விடுங்க...”

தப்பிக்க வழி அவனே திறந்துவிட்டான். அந்தத் தாராளம்தான் ஆர்வலுக்குத் தாங்கவில்லை.

“மறதியும் இல்ல, மண்ணும் இல்ல. தெரிஞ்சேதான் சொன்னேன். அந்த ஆளுக்குப் பதினோரு வருஷம் பணிவிடை செஞ்சவன் நான். துப்பாக்கி உனக்கா? வயித்தெரிச்சல்டா எனக்கு, போதுமா?”

ராஸ்கோ தோட்டாக்களை வெளியே தட்டிவிட்டு, துப்பாக்கியை உறையில் வைத்து, காதுமூடியைக் கழற்றினான். நெல்டா எழுந்து வந்தாள்.

“ஏங்க, அவன் கை போயிருந்தா?”

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. தம்பியின் வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

நடுவர் தயங்கித் தயங்கி அடுத்த பெயரைப் படித்தார். ஆர்வலின் பெயர். போய் நின்று சுட்டார். ஐந்து கட்டையும் நான்கு விநாடிக்குள் தரையில் கிடந்தன. அன்று அதைவிடச் சீக்கிரம் யாரும் தள்ளவில்லை. தொடையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். யாரும் கைதட்டவில்லை.

நன்றித் திருநாளுக்கு ராஸ்கோ வரமாட்டான் என்றுதான் ஆர்வல் நினைத்தார், வராமலிருந்தால் நல்லது என்று கொஞ்சம் ஆசையும்பட்டார். அவன் பூசணிப் பலகாரத்தோடு வந்தான். நெல்டா கத்தியைத் தம்பியிடம் நீட்டினாள். அவன் அதை வாங்கி ஆர்வல் பக்கம் தள்ளினான்.

“ஜெயிச்சது மாமாதான அக்கா. அவரே அறுக்கட்டும்.”

மேசையைச் சுற்றி எல்லோர் முகமும் அவனைப் பார்த்துக் கனிந்தது. நெல்டாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆர்வல் அறுத்து முதல் துண்டை அவன் தட்டில் வைத்தார்.

“பிரமாதம் மாமா,” என்று மென்றபடியே சிரித்தான் ராஸ்கோ. மனதில் எதுவும் வைத்துக்கொள்ளாத சிரிப்பு. இதுவும் இவனுக்கு இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று ஆர்வலுக்கு வயிறு எரிந்தது.