புள்ளி வைத்த ஒன்று

இருளாயிக்கு உக்குலேலே கிடைத்தது அதிர்ஷ்டக் குலுக்கலில். 1977-இல், சிலிபின் வட்டாரத்தில் அவள் சட்டை தைத்துக்கொண்டிருந்த பெக்டரியின் ஆண்டு விருந்தில், மற்றவர்களுக்கெல்லாம் பிளாஸ்கும் மேசை விசிறியும் விழ, அவளுக்கு மட்டும் நாலு கம்பி போட்ட அந்தச் சின்ன வாத்தியம் விழுந்தது. மேடையில் மேனேஜர் அதை நீட்டியதும் கூடமே சிரித்தது. தோட்டத்துக்காரிக்கு எதுக்கு இது என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. அவள் இருந்த கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்று, பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்களை லயத்து வீடுகளிலிருந்து கிளப்பிவிட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பட்டம் மட்டும் இன்னும் அவளை விடவில்லை. வித்துடு என்றான் கணவன் சன்னாசி. அந்தச் சிரிப்பு உறுத்தியதாலேயே அவள் விற்கவில்லை.

சனிக்கிழமை பிற்பகல்களில் இளைஞர் சங்கத்துக் கட்டடத்தில் அலெக்சாண்டர் என்பவர் உக்குலேலே வகுப்பு நடத்தினார். அரசாங்க ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. சங்கத்தில் இசை என்றால் அவர்தான். அவள் சேர்ந்த முதல் நாளே ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார். அதில், விரல் வைத்துக் கம்பிகளைச் சேர்த்து மீட்டும் ஒவ்வொரு கோர்டுக்கும் ஒரு படம், படத்தின் மேல் இங்கிலீஷ் எழுத்து. இருளாயி தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூணாம் வகுப்போடு நின்றவள். எது சி, எது ஜி என்று விழித்தாள். ஏபிசி தெரியாமலா மியூசிக் படிக்க வந்தீங்க அக்கா என்று அவர் கேட்க, பையன்கள் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து விரல்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சி என்றால் கடைசிக் கம்பியில் மூணாவது கட்டத்தில் மோதிரவிரல் ஒன்றுதான். எஃப்புக்கு இரண்டு விரல். ஜி செவனுக்கு மூன்று. எழுத்து எதற்கு? நோட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிக்கொண்டாள். ஏ மைனர்தான் இடித்தது. அதற்கும் ஒரே விரல், ஆனால் நடுவிரல், முதல் கம்பியில். மெய்யெழுத்துக்கு வைப்பதைப் போல ஒன்றின் தலையில் ஒரு புள்ளி வைத்தாள். தீர்ந்தது. ஒன்று, புள்ளி ஒன்று, இரண்டு, மூன்று, மறுபடியும் ஒன்று. புள்ளி ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போக நடுவிரலை எடுக்கவே வேண்டாம், ஆள்காட்டி விரலைச் சேர்த்தால் போதும். மூன்றுக்குப் போகும்போது அந்த ஆள்காட்டி விரல் இருந்த இடத்திலேயே இருக்கும். இதைக் கண்டுபிடித்த அன்று அவள் சோறு வடிக்க மறந்துபோனாள். சங்கத்தில் பாடிய பாட்டுகளில் பாதிக்குமேல் இந்த வரிசையிலேயே போய் வந்தன.

அடுத்த வாரம் அலெக்சாண்டர் அந்த நோட்டைப் பார்த்துவிட்டார். "என்ன அக்கா, நாலு நம்பர் எழுதி வச்சிருக்கீங்க, லாட்டரியா?" என்றார். மறுபடியும் சிரிப்பு. பார்த்துத் தருகிறேன் என்று எடுத்துப் போனவர் இரண்டு வாரம் கழித்துத்தான் திருப்பித் தந்தார்.

சங்கத்தின் ஆண்டு விழா வந்தது. எல்லாருக்கும் மேடையில் இடம் உண்டு, இருளாயிக்கும் உண்டு, கடைசி வரிசையில். திரை விலகுமுன் அவர் அவளருகே வந்து தணிந்த குரலில் சொன்னார்: "கம்பியத் தொடாதீங்க. கைய மட்டும் ஆட்டுங்க, போதும்."

அவள் அப்படியே செய்தாள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. நாலு பாட்டுக்கும் காற்றில் கையை ஆட்டிவிட்டு, ஊர்கோலத்துப் பொம்மை மாதிரி நின்றுவிட்டு வந்தாள். தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் ஏசினாலே திருப்பிக் கேட்டவள், டை கட்டிய ஒரு கிராணி சொன்னதற்கு ஏன் அடங்கினோம் என்று நாள்கணக்கில் குமைந்தாள். வகுப்புக்கு அதன்பின் போகவில்லை.

போகாவிட்டால் என்ன? பெக்டரி கேன்டீனில் சாப்பாட்டு நேரத்தில் வாசித்தாள். பக்கத்து மிஷினில் தைத்த பாப்பா என்பவள் எனக்கும் சொல்லித்தா அக்கா என்று வந்தாள். சட்டை மடிக்கும் அட்டைகளின் பின்புறத்தில் எண்களை எழுதிக் காட்ட, ஒரு மாதத்தில் பாப்பா வாசித்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள்.

1981-இல் ஒருநாள் அந்தப் பாப்பாதான் ஒரு சிறு புத்தகத்தோடு ஓடி வந்தாள். எழுத்தே வேண்டாம், எண்களைப் பார்த்துப் பத்தே நாளில் உக்குலேலே வாசிக்கலாம் என்று அட்டையில் போட்டிருந்தது. கீழே அலெக்சாண்டரின் பெயர், டை கட்டிய படம். இருளாயி புரட்டினாள். அவளுடைய ஒன்று, அவளுடைய இரண்டு, அவளுடைய மூன்று. லாட்டரி என்று சிரித்த வாய் இதை அச்சடித்து விற்கிறதே என்று முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் புரட்டினாள். அப்புறம் ஒன்றைக் கவனித்தாள். எந்த ஒன்றின் தலையிலும் புள்ளி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்தில் புத்தக வெளியீடு. பழைய நோட்டையும் உக்குலேலேயையும் எடுத்துக்கொண்டு போனாள். பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். முடித்ததும் இருளாயி எழுந்து, இந்த ரெண்டாவது ஒண்ணு எந்த விரல் சார் என்று கேட்டாள். ஒண்ணுன்னா ஒண்ணுதான் என்றார் அவர். பாடுகிறவர்கள் கொஞ்சம் பாடுங்கள் என்று சொல்லிவிட்டு, புத்தகத்தில் உள்ளபடி ஒருதரம் வாசித்தாள். பாட்டு ஒரே இடத்தில் நின்று நொண்டியது. பிறகு நடுவிரலை வைத்து வாசித்தாள். அந்த இடத்தில் பாட்டு சட்டென்று கனத்து நகர்ந்ததைக் கூடம் முழுதும் கேட்டது.

நோட்டைச் சங்கத் தலைவர் உடையப்பன் முன்னால் விரித்து வைத்தாள். அலெக்சாண்டர் எட்டிப் பார்த்தார். "இந்தப் புள்ளியா? மை சிந்தினதுன்னுல நெனச்சேன்" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

"அப்ப என் நோட்டப் பாத்துத்தான் எழுதினீங்க" என்றாள் இருளாயி. அவள் குரல் உயரவே இல்லை. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உடையப்பன் அவசரமாக எழுந்து, நாலு பேர் முன்னால் வேண்டாம், உள்ளே உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் அம்மா என்றார். நாலு பேர் முன்னாலதானே என்னைப் பொம்மையா நிக்க வச்சாரு என்று அவள் கேட்டாள். கூட்டம் தேநீருக்குக் கலைந்தது. உள்ளே கூப்பிட்டுப் பேசவும் யாரும் வரவில்லை.

அடுத்த பதிப்பில் புள்ளிகள் ஒழுங்காக இருந்தன. பெயர் அவருடையதேதான். முன்னுரையில் மட்டும், சில அன்பர்களின் உதவிக்கு நன்றி என்று ஒரு வரி. ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பியிருந்தார். இருளாயி உறையை மாற்றக்கூட இல்லை. முகவரியை அடித்துவிட்டு அப்படியே திருப்பி அனுப்பினாள். அதற்குப்பின் கல்யாண வீடுகளில் அவர் உட்கார்ந்த பந்தியில் அவள் உட்கார்ந்ததில்லை.

1985-இல் பெக்டரியை மூடினார்கள். பதினோரு வருஷ வேலைக்கு ஒரு கடிதத்தை மட்டும் கொடுத்து, வாசலில் பூட்டும் போட்டார்கள். அந்த ஆத்திரத்தோடு அவள் வீட்டில் இருந்தபோது, அந்த வட்டாரத்துப் பாலர் பள்ளியை நடத்திய ரோசம்மா டீச்சர் தேடி வந்தார். பாப்பா சொல்லித்தான் வந்தாராம். வாரம் மூன்று நாள் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றாள்.

முதல் நாள், ஆசிரியைகளின் பெயர்ப் பலகையில் டீச்சர் சாக்கட்டியால் திருமதி சன்னாசி என்று எழுதத் தொடங்கினார். பிள்ளைகள் வாயில் இருளாயி என்ற அந்தப் பழைய காலத்துப் பெயர் வேண்டாமே, சிரிப்பார்கள் என்று தயவாகத்தான் சொன்னார்.

"சன்னாசிக்கு ஒரு கோர்டும் தெரியாதுலா, டீச்சர்" என்றாள் இருளாயி. "சிரிச்சாச் சிரிக்கட்டும். என் பேரப் போடுங்க."

டீச்சர் அழித்துவிட்டுப் புதிதாக எழுதும்வரை அவள் வகுப்புக்குள் காலெடுத்து வைக்கவில்லை.