போலீஸ்காரரிடம் மைனி சொன்ன பதில்

எழுதிப் பழக்கமில்லாத நான் இதை எழுதத் துணிந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் நடுவில் பேசவே கூச்சம். ஆனாலும் எங்கள் சூப்பர்வைசர் அண்ணாச்சியை நினைத்தால், டீ நேரத்தில் அவர் ரப்பர் வார்க்கும் அச்சு மெஷின் ஓரமாக வந்து நின்று, "உங்க பக்கத்துல நல்ல பிள்ளைகள் யாரும் உண்டுமா?" என்று மெதுவாகக் கேட்பது கண்முன் வருகிறது.

நாகர்கோவில் பக்கத்திலுள்ள எங்கள் ரப்பர் கம்பெனியில் ஆள் எடுத்த முறையே அதுதான். குக்கருக்கு வளையம் செய்தோம். கூட்டிவந்தவளின் சொல்லே ஜாமீன். புதியவள் சொதப்பினால் கூட்டிவந்தவளுக்குத்தான் ஏச்சு. பிறகு, ராணுவத்துக்கு வேண்டியதைத் தனியார் கம்பெனிகளும் செய்யலாம் என்று அரசாங்கம் ஊக்கம் கொடுக்க, முதலாளி ஒரு ஆர்டர் பிடித்தார். அதுவும் ரப்பர் வளையம்தான். எதில் மாட்டுவார்கள் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு வேலை கிடைக்கும் என்று சந்தோஷப்பட்டோம். ஆள் எடுக்கத்தான் செய்தார்கள். ஆனால் ராணுவ வளையம் செய்யும் பகுதிக்கு மட்டும், அதுவும் போலீஸ் விசாரணை முடிந்த பிறகு. குக்கர் பக்கம் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

இறந்துபோன என் அண்ணனின் மகள் என்னோடு இருந்தாள். இந்த வேலை கிடைக்காவிட்டால் திருப்பூருக்குப் போவேன் என்றிருந்தாள். எனக்கென்று வேறு யாருமில்லை. அண்ணாச்சி ராணுவப் பகுதிக்கான பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்தார். உறுதியாகும் முன் வெளியே சொன்னால் கண்ணுபடும் என்று தெருவில் நாங்கள் மூச்சுவிடவில்லை.

போலீஸ்காரர் வந்தபோது வீட்டில் ஆளில்லை. அண்ணி முறையில் நான் மைனி என்று கூப்பிடும் அடுத்த வீட்டுக்காரியிடம் விசாரித்திருக்கிறார். "அப்படி ஒருத்தியும் இங்க இல்ல சாரே" என்று மைனி சொல்ல, எதிர்வீட்டிலும் அதையே சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் மைனி பெருமையாகச் சொன்னாள்: "கொமரப் பிள்ளய தேடி போலீசு வந்தா காட்டிக் குடுப்பேனாட்டி? நான் என்ன கூறுகெட்டவளா?"

அண்ணாச்சி கேட்டு முதலில் சிரித்துவிட்டார். பிறகு ஆபீசுக்குள் போனவர் வெகுநேரம் கழித்து வந்தார். அப்படி ஆளே இல்லை என்று போலீஸ் எழுதிக் கொடுத்ததால் அவள் பெயரை அடித்துவிட்டார்களாம்; மறுபடி விசாரணை நடக்கும்வரை ஆர்டர் காத்திருக்காதாம்.

"இவள எனக்கு நல்லா தெரியும்ணு சொன்னேன் மக்கா. நான் சொன்னா இப்போ போதாதாம்."

யாரைக் குறைசொல்வது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. நாட்டுக் காரியம், விசாரிக்காமல் முடியுமா? மைனியும் பாசத்தில்தான் சொன்னாள். வேலை பெருகியது நிஜம். எங்கள் தெருவுக்கு அது வரவில்லை என்பதும் நிஜம். இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கிறதோ.

மறுநாள் சாயங்காலம் அண்ணன் மகள் திருப்பூருக்கு ரயில் ஏறினாள். எனக்கு இரண்டாம் ஷிப்ட். மைனிதான் ஸ்டேஷன்வரை போய் ஏற்றிவிட்டாள்.